பேஞ்சோ பிரிட்ஜும் எத்திராஜின் காதும்

ரிப்பேர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. கம்பி எப்படி மாற்றுவது, தோலை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே வீடியோவாக இருக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், பின்னணி இசை வேறு. ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வீடியோ போடுகிறவர்கள் தாங்கள் சொதப்பியதை மட்டும் போடுவதில்லை. அந்தப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் நம் கடையில் நான் சேர்ந்தது பில் போடுவதற்காக. கிடாருக்குக் கம்பி மாற்றுகிறவர் ஒருநாள் வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கத்தல் தாங்காமல் நானே மாற்றிக் கொடுத்தேன். அதோடு பில் புத்தகம் வேறு ஒருவர் கைக்குப் போய், நான் ரிப்பேர் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். எழுந்தது போன வருஷம்தான்.

நம் பக்கத்தில் பேஞ்சோ என்றால் பாதிப் பேர் டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வைத்த புல்புல்தாராவைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது மற்றது. மேளம் போல வட்டமான முகம், அதிலிருந்து கிடார் போல நீண்ட கழுத்து, ஐந்து கம்பி. அந்தக் கம்பிகளைத் தாங்கிக்கொண்டு தோலின் மேல் நிற்கிற சின்ன மரத்துண்டுதான் பிரிட்ஜ். உடைந்த சீப்பை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும்.

முதன்முதலில் என் மேசைக்கு ஒரு பேஞ்சோ வந்தபோது, கிடாருக்குச் செய்வது போல ஐந்து கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினேன். பிரிட்ஜ் 'டொக்' என்று விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தரையில் படுத்து அளவுகோலால் துழாவி எடுத்து, புடவையெல்லாம் தூசியோடு முதலாளி முன்னால் போய் நின்றேன். ஒரு கையில் பிரிட்ஜ், மறு கையில் பசை டப்பா.

"சார், பெயர்த்துட்டேன். ஒட்டிடட்டுமா?"

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஒட்டினா ஒரே ஒரு தடவைதான் சரியா வைக்க முடியும்மா. ஒட்டாம விட்டா எத்தனை தடவை வேணும்னாலும் சரியா வைக்கலாம்" என்றார்.

அதற்கு ஒட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது. கம்பிகளின் அழுத்தம் மட்டும்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அதனால்தான் பேஞ்சோவில் பிரிட்ஜை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கவேண்டிய முடிவு. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கீழே இனிமையாகப் பாடுகிற கருவி, கழுத்தில் மேலே ஏற ஏற அழ ஆரம்பித்துவிடும்.

இதைப் பிறகு நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதுதான் தொல்லை. நன்றாகத் தெரிந்த வேலையில்தான் நான் செய்த பெரிய தப்பு நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தபோது, காக்கிச் சட்டையோடு ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் எத்திராஜ். மாநகரப் பேருந்து டிரைவர், கீழ்க்கட்டளையில் வீடு. சேலையூரில் யாரோ வீடு காலி செய்தபோது போட்டுவிட்டுப் போக இருந்த பேஞ்சோவை எடுத்துவந்து, ஒரு வருஷமாகத் தானாகவே பழகியிருந்தார். அவருடைய டிப்போவில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அதில் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"கீழ வாசிக்கும்போது நல்லா கீது மேடம். மேல போவ போவ சுதி ஏறுது. இன்னான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிரிட்ஜ் இடம் மாறித்தான் இருந்தது. சுருதி காட்டும் கருவியைக் கழுத்தில் கவ்வ வைத்து, கம்பியைச் சும்மா தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை மீட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் பிரிட்ஜை நிறுத்தினேன். சுருதி சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரமே வந்துவிட்டார். "அப்படியேதான் கீது மேடம்."

மறுபடி வாசித்துப் பார்த்தேன். பச்சை. இருந்தாலும் அவர் திருப்திக்காக ஒரு மயிரிழை நகர்த்துவது போல நகர்த்தி, பழைய இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவது பொய்தான், கையால் சொன்னாலும்.

மூன்றாவது தடவை அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை ஆரம்பித்திருந்தது. கீபோர்டு வகுப்புக்குச் சேர்ந்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் என்று கடையில் கால் வைக்க இடமில்லை. என் மேசையில் நான்கு கிடார் வரிசையில் இருந்தன. எத்திராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னும் ஏறுது."

கருவியை வாங்கி, எல்லோரும் பார்க்க ஒவ்வொரு கம்பியாக மீட்டினேன். ஐந்து தடவையும் பச்சை விளக்கு. அவர் முகத்துக்கு நேராக அதைக் காட்டி, "பாருங்க சார். பேஞ்சோல ஒண்ணும் குறையில்ல. காதைத்தான் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"இருக்கும் மேடம். இருவது வருஷமா இன்ஜின் பக்கத்துலயே குந்திகினு கீறேன். காது போயிருக்கும்."

கருவியை உறையில் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடி, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த கிடாரை எடுத்தேன். ஒரு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சர்ச்சில் என்னோடு பாடும் தோழி ஒருத்தியைப் பார்க்கப் பெரும்பாக்கம் போக, செம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். முன்பக்கத்தில், டிரைவருக்குப் பக்கவாட்டில் இடம் கிடைத்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லா கீறீங்களா மேடம்?" என்றார். எத்திராஜ்.

"நல்லா இருக்கேன் சார். பேஞ்சோ எப்படி இருக்கு?"

"பரண்ல கீது மேடம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய வண்டி. கியர் தடி என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, சாதாரணமாக அசைகிற ரகமில்லை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தே நெரிசல் என்று யாரோ பின்னால் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நின்று நின்று போனது பஸ். ஒவ்வொரு தடவையும் எத்திராஜ் தடியை இறுக்கிப் பிடித்து, நெரித்து, கியரை உள்ளே தள்ளினார். விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. தள்ளி முடித்த பிறகும் பிடி தளரவில்லை. விட்டால் கியர் நழுவிவிடும் போல.

மேடவாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அது இடது கை. பேஞ்சோவின் கழுத்தைப் பிடித்துக் கம்பியை அழுத்துவதும் அதே இடது கை.

மூன்று தடவையும் நான் என் விரலால் அழுத்திப் பார்த்தேன். அவரை ஒரு தடவைகூட வாசிக்கச் சொல்லவில்லை.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. எத்திராஜ் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னா மேடம், எறங்கலையா?"

"சார், உங்க இடது கையால என் கையைப் பிடிங்க. பேஞ்சோல கம்பியை எப்படி அழுத்துவீங்களோ அப்படியே அழுத்துங்க" என்று முன்கையை நீட்டினேன்.

அவர் தயங்கினார். பிறகு இரண்டு விரலை வைத்து அழுத்தினார்.

"அம்மா!" என்று அலறிவிட்டேன். டீக்கடை வாசலில் நின்றிருந்த கண்டக்டர் மாரி, விசிலோடு ஓடி வந்தார். "இன்னாச்சு? இன்னாண்ணே பண்ண?" எத்திராஜ் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ல! மேடமே அழுத்த சொன்னாங்க!" என்றார்.

மாரிக்கும் சேர்த்து விளக்கினேன். கம்பியை அளவுக்கு மேல் அழுத்தினால் அது இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். நான் பூப்போலத் தொட்டு வாசித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றேன். அவர் கியர் போடுகிற மாதிரி வாசித்துவிட்டு ஏறுகிறது என்றார். "உங்க காதுல ஒண்ணும் இல்ல சார். நான் பார்த்த விதம்தான் தப்பு."

மாரிக்குப் புரிந்துவிட்டது. எத்திராஜ் மட்டும் தலையை ஆட்டினார். "சமாதானத்துக்கு சொல்றீங்க மேடம்."

"சமாதானத்துக்கு நான் எதுக்கு சொல்லணும்?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மெடிக்கல் செக்கப் வரப்போகிறது. காது கேட்கவில்லை என்று எழுதிவிட்டால் வண்டியில் உட்கார விட மாட்டார்கள், ஷெட்டில் ஏதாவது வேலை கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். நான் கடையில் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

"டெய்லி வூட்ல டிவி சவுண்ட கொறச்சி கொறச்சி வச்சி டெஸ்ட் பண்ணிகினு கீறேன். எங்கூட்டுக்காரி பேஜாராயிட்டா. வண்டில யாராவது மெதுவா பேசினா, எனக்கு கேக்குதா கேக்கலையான்னு அதே ரோதனை. இந்த ஸ்டியரிங்க வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும் மேடம்?"

சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அவர் இரண்டு மாதமாக அதைச் சுமந்துகொண்டு தினமும் நூற்றுக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். "உங்க வாராந்திர லீவு என்னைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை வந்தார். பேஞ்சோவில் பரண் தூசி. இந்தத் தடவை நான் கருவியைத் தொடவே இல்லை. சுருதி காட்டியை மட்டும் மாட்டிவிட்டு, "வாசிங்க" என்றேன்.

வாசித்தார். கீழே பச்சை. மேலே போனதும் சிவப்பு, முள் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

நான் வாங்கி அதே இடத்தில் வாசித்தேன். பச்சை. அவரிடம் கொடுத்தேன். சிவப்பு.

"அப்போ நான் ஏறுதுன்னு சொன்னது?"

"ஏறத்தான் ஏறிச்சு. நீங்க சரியாத்தான் கேட்டீங்க."

எத்திராஜ் பேஞ்சோவை என்னிடம் நீட்டினார். பிறகு, "இன்னொரு தபா காட்டுங்க மேடம்" என்றார். காட்டினேன். "இன்னும் ஒரு தபா." மூன்று தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை விளக்கைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ பச்சை… இப்போ சிவப்பு… சிவப்பு… பச்சை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. புத்தகப்படி போனால், இப்படி அழுத்துவது தப்பான பழக்கம். அதைத்தான் திருத்த வேண்டும். அதையும் முயன்று பார்த்தேன். "கொஞ்சம் மெதுவா அழுத்துங்க சார்." அவர் பாவம், நெற்றி வியர்க்க முயன்றார். கம்பி 'கர்ர்' என்று கிழிந்த சத்தம் போட்டது. "கியர் வுழ மாட்டேங்குது மேடம்" என்றார். முதலாளி பின்னாலிருந்து, "அவரு கை மாறணும்னா ரிடையர் ஆகணும்மா. அதுவரைக்கும் காத்திருக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காத்திருக்கவில்லை. கருவியை அவர் கைக்கு ஏற்றபடி மாற்றினேன். பிரிட்ஜின் உயரத்தைத் தேய்த்துக் குறைத்தேன், அழுத்தும் தூரம் குறையட்டும் என்று. சீக்கிரம் வளையாத கொஞ்சம் தடித்த கம்பிகளைப் போட்டேன். கடைசியில், கம்பி நீண்டால் சுருதி இறங்கும் என்பதால், பிரிட்ஜைக் கழுத்தை விட்டுப் பின்னால் நகர்த்தினேன், அவர் வாசிக்க வாசிக்க, அவர் கைக்குப் பச்சை வரும் வரை. அந்த இடத்தைத் தோலில் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினேன். முடிந்ததும் ஆசைக்கு நான் வாசித்துப் பார்த்தேன். எனக்குச் சுருதி இறங்கிக் கிடந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

மெடிக்கல் செக்கப் முடிந்த அன்று கடைக்கே போன் செய்தார். "காது ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்ட்டாங்க மேடம்! ஆயுத பூஜைக்கு டிப்போல நம்ம ப்ரோக்ராம் கீது. கண்டிப்பா வரணும்."

வருகிறேன் என்றேன். உண்மையில் போகும் எண்ணம் இல்லை. விடுமுறை நாள், வீட்டில் நூறு வேலை. ஆனால் அன்று காலை பத்தரைக்கு போன் அடித்தது. பின்னணியில் மேளம், ஹாரன், பூசணிக்காய் உடைபடும் சத்தம். எத்திராஜ் கத்தினார்.

"அக்கா! பிரிட்ஜு பூட்ச்சி!"

அவர் என்னை முதன்முதலாக அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். பதினொன்றரைக்கு நிகழ்ச்சி. ஆட்டோ பிடித்தேன். கடை பூட்டியிருந்தது. சுருதி காட்டி உட்பட என் சாமான்கள் எல்லாம் உள்ளே சந்தனமும் குங்குமமுமாகப் பூஜையில் இருந்தன. கையில் போன் மட்டும்தான்.

டிப்போவில் பஸ்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நின்றன. எத்திராஜ் வாசலிலேயே காத்திருந்தார். நடந்தது இதுதான். குழுவில் கீபோர்டு வாசிக்கும் மெக்கானிக், பக்தியோடு எல்லாவற்றையும் துடைத்து ஸ்பேனர்களோடு வரிசையாகப் பூஜையில் வைத்திருக்கிறார். பேஞ்சோவையும் விடவில்லை. கம்பிக்கு அடியில் துணி போகவில்லை என்று கம்பிகளைத் தளர்த்தியிருக்கிறார். பிரிட்ஜ் விழுந்திருக்கிறது. ஈரத்துணியால் தோலைப் பளபளவென்று துடைத்து, மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்து, பிரிட்ஜைத் தனக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

என் பென்சில் புள்ளிகள் போன இடம் தெரியவில்லை.

"நல்லதுக்குத்தான் பண்ணேன் மேடம்" என்றார் மெக்கானிக். அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் வரவில்லை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்க முயன்றேன். போனில் இருந்த செயலி பேஞ்சோவை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பறைக்குச் சுருதி காட்டிக்கொண்டிருந்தது. மேடையில் மைக் டெஸ்ட் ஆரம்பித்துவிட்டது.

"வண்டிக்குள்ள வாங்கக்கா" என்றார் எத்திராஜ். ஓரமாக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறினோம். மாரி கதவையும் ஜன்னல்களையும் மூடினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. பாதி இருந்தது.

மெக்கானிக்கும் கூடவே ஏறி வந்திருந்தார். "மேடம், நீங்க அளந்து வச்சிடுங்க. கழுத்துல இருக்கற பன்னெண்டாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பி பாதி, இந்தப் பக்கம் பாதி. அளவு கரெக்டா இருந்தா போதும்ல?" என்றார்.

அளந்து வைக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது என் கைக்கான இடம். எத்திராஜ் மேடையில் ஏறி, மேல் சுருதிக்குப் போகும்போது, அவருடைய சக ஊழியர்கள் அத்தனை பேர் முன்னால் பழைய அழுகையே வரும். இன்னொரு வழி, அவரே கேட்டுச் சொல்வது. செயலி இல்லை, விளக்கு இல்லை. இந்த இரைச்சலில் அவர் காது ஒன்றுதான். தப்பினால் அதோடு முடிந்தது, அந்த மனிதர் மறுபடி பேஞ்சோவைத் தொட மாட்டார்.

"எத்திராஜ், நீங்க வாசிங்க. நான் பிரிட்ஜை நகர்த்தறேன். எங்கே நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க."

மெக்கானிக் என் பக்கமாகக் குனிந்து, தாழ்ந்த குரலில், "மேடம், அவருக்கு காது கொஞ்சம்… ஏதோ கடைல சொன்னாங்கன்னு அவரே சொன்னாரு" என்றார். அந்தப் பேச்சு டிப்போ வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அதைச் சொன்னது நான்தான்" என்றேன். எத்திராஜுக்கும் மாரிக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே. "பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். தப்பா சொன்னேன். இவருக்கு கேட்டது எனக்குத்தான் கேக்கல."

எத்திராஜ் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, பேஞ்சோவை மடியில் வைத்து, மேல் ஸ்தாயியில் அழுத்தி மீட்டினார். நான் அவர் எதிரே மண்டியிட்டு, பிரிட்ஜின் காலில் இரண்டு கட்டை விரல்களையும் வைத்தேன்.

"ஏறி கீது. பின்னாடி வாங்கக்கா" என்றார்.

தள்ளினேன்.

"இன்னும்."

தள்ளினேன். அவசரத்தில் ஒரு பக்கம் அதிகமாகப் போய்விட்டது. மாரிக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. படிக்கட்டில் நின்று கையைத் தட்டியபடி, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது சொல்வது போலவே ஆரம்பித்துவிட்டார். "வா… வா… வா… லெஃப்ட்ல ஒடி… வா… வா…"

எத்திராஜ் மீட்டிக்கொண்டே இருந்தார். வெறும் கம்பி, அழுத்திய கம்பி, வெறும் கம்பி, அழுத்திய கம்பி. வெளியே பறை, மைக்கில் 'ஹலோ ஹலோ செக்'. அவர் தலை சாய்ந்து, காது கருவியின் பக்கமாக வந்தது. கண் மூடியிருந்தது.

"ஓல்டேன்!" என்றார், கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்வது போல.

கையை எடுத்தேன். அவர் ஒரு வரி வாசித்தார், கீழிருந்து மேலே உச்சி வரைக்கும். மெக்கானிக் வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு இறங்கிப் போய், தன் கீபோர்டை எத்திராஜின் சுருதிக்கு மாற்றிவைத்தார்.

நிகழ்ச்சியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கையில் பொரி கடலைப் பொட்டலம், ஒரு கடலைகூட உள்ளே போகவில்லை. மாரி பாடினார். இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு இடத்தில் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள், பேஞ்சோ மட்டும் தனியாக. எத்திராஜ் கழுத்தில் மேலே ஏறினார். ஏறினார், ஏறினார், சேர்ந்தே இருந்தது. டயர் ஷெட் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் மூச்சு விட்டேன். விட்ட அந்த நொடியில், உச்சியில் ஒரு ஸ்வரம் அபஸ்வரமாக 'டொய்ங்' என்றது.

பிரிட்ஜ் நகர்ந்துவிட்டது என்றே நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். பொட்டலம் கவிழ்ந்து பொரி எல்லாம் தரையில். ஆனால் அவர் நிறுத்தவில்லை, அடுத்த வரியைச் சுத்தமாக வாசித்து முடித்தார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். சட்டை முழுக்க வியர்வை, நெற்றியில் சந்தனம் வழிந்திருந்தது.

"பயந்துட்டீங்களாக்கா?" என்றார். "அந்த ஒண்ணு பிரிட்ஜு இல்ல. கேட்டுகினேதான் இருந்தேன். அது நான் பண்ண மிஸ்டேக்கு."